துளை விழும் இடத்தில் என்ன இருந்தது?

2007 நவம்பர். மெக்சிகோ வளைகுடாவில் ஷெல் நிறுவனத்தின் பெர்டிடோ எண்ணெய்த் தளம். ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆர்.ஓ.வி. வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து நீண்ட வடத்தின் முனையில் இறக்கி, மேலே உட்கார்ந்தபடி இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி அது. குழாயையும் வால்வையும் பார்ப்பதுதான் அதன் அன்றாட வேலை. அன்று அதன் விளக்கு வெளிச்சத்துக்குள் ஓர் ஊசிக் கணவாய் வந்து நின்றது. உடல் சிறியது. கைகள் பக்கவாட்டில் நீண்டு, முழங்கை வைத்ததுபோல் மடங்கி, அங்கிருந்து நூல் நூலாகக் கீழே மீட்டர் கணக்கில் தொங்கின. மேக்னபின்னா என்ற பேரினத்தைச் சேர்ந்த அந்தக் கணவாயை உயிரோடு கண்டவர்கள் உலகில் மிகச் சிலரே. எண்ணெய்க் கம்பெனியின் கேமரா அதைத் தற்செயலாகப் படம்பிடித்துவிட்டது.

ஆழ்கடலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இப்படித்தான் கிடைத்தது: எண்ணெய் தேடப் போனவர்களின் பின்னால் போய். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் கடலியல் மையம் 2000-களின் தொடக்கத்தில் ‘செர்பென்ட்’ என்ற திட்டத்தையே இதற்காக வகுத்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ஆர்.ஓ.வி. சும்மா இருக்கும் நேரத்தை விஞ்ஞானிகள் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆராய்ச்சிக் கப்பலை அமர்த்தப் பணமில்லாதவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் ஒரு சங்கடமும் அதில் இருக்கிறது. கேமரா இறங்கும்போது பக்கத்திலேயே துளைமுனையும் இறங்குகிறது.

எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் தோண்டும் கிணறு ஆய்வுக் கிணறு. உற்பத்திக் கிணற்றுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எண்ணெய் எடுக்கும் வயலில் நிறுவனம் 20, 30 ஆண்டுகள் குடியிருக்கும். கடல்தரையைத் திரும்பத் திரும்ப அளக்க ஆளும் காரணமும் இருக்கும். ஆய்வுக் கிணறு அப்படியல்ல. யாரும் சரியாகப் பார்த்திராத புது இடத்துக்கு ரிக் போகும், சில வாரங்களோ மாதங்களோ நின்று துளைக்கும், பெரும்பாலான நேரம் லாபகரமாக எதுவும் கிடைக்காது. சிமென்ட் அடைத்து மூடிவிட்டுப் போய்விடும். போனபிறகு அங்கே என்ன ஆயிற்று என்று திரும்பிவந்து பார்ப்பவர் அரிது.

ஆழ்கடல் கிணறு இரண்டு கட்டமாகத் தோண்டப்படுகிறது. கடல்தரையில் விழும் அடி ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு விதம்.

முதல் கட்டத்தில் கிணற்றுக்கும் கப்பலுக்கும் இடையே குழாய் இணைப்பு கிடையாது. கடல்நீரையும் பெண்டோனைட் களிமண் கரைசலையும் துளைக்குள் அழுத்தி அனுப்புவார்கள். துளைமுனை அரைத்த பாறைத்தூள் அதோடு சேர்ந்து மேலே வந்து, துளையின் வாயிலேயே வழிந்து படியும். மேற்பகுதித் துளைகள்தான் அகலமானவை. 66 சென்டிமீட்டர் விட்டத்தில் 600 மீட்டர் இறங்கினால் வெளியே வரும் பாறை மட்டும் 200 கன மீட்டருக்கு மேல். நம்மூர் மணல் லாரிக் கணக்கில் எழுபது யூனிட்டுக்கு மேல். அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டும். உறைக்குழாயை இறக்கிச் சிமென்ட் போடும்போது மிஞ்சும் சிமென்ட்டும் அதன்மேல் வழியும்.

இரண்டாம் கட்டத்தில் கிணற்றின் தலையில் வெடிப்புத் தடுப்பானைப் பொருத்தி, அங்கிருந்து கப்பல்வரை ‘ரைசர்’ என்ற அகலக் குழாயை இணைப்பார்கள். இப்போது துளையிடும் சேறு சுற்றிவர ஆரம்பிக்கும்: கப்பலிலிருந்து கீழே போய், பாறைத்தூளை அள்ளிக்கொண்டு ரைசர் வழியே மேலே வரும். அதிர்வுச் சல்லடைகள் தூளைப் பிரித்துவிடும். சேறு மறுபடி கிணற்றுக்குப் போகும். தூளைப் பல இடங்களில் கடலிலேயே கொட்டுவார்கள். நீரோட்டத்தில் அலைந்து இறங்கும் அந்தத் தூள், ஒரே குவியலாகாமல் அகலமாகவும் மெல்லியதாகவும் படிகிறது.

இந்தச் சேற்றுக்குக் கனம் கொடுப்பது பாரைட் என்ற கனிமம். ஆழத்தில் அழுத்தத்தோடு காத்திருக்கும் வாயுவையும் எண்ணெயையும் அடக்கி வைக்க இந்தக் கனம் வேண்டும். ஆந்திரத்தின் கடப்பாப் பகுதியிலுள்ள மங்கம்பேட்டை, உலகின் பெரிய பாரைட் படிவுகளில் ஒன்று. அங்கே வெட்டி அரைத்த பொடி கப்பலேறி எங்கெங்கோ உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறது. பாரைட் என்பது பேரியம் சல்பேட். நீரில் ஏறக்குறையக் கரையாது. அதனால் நஞ்சு என்று சொல்வதற்கில்லை. கரையாமல் கிடப்பதால்தான், நெடுநாளைக்குப் பிறகும் ஓரிடத்தில் கிணறு தோண்டப்பட்டதா என்று கண்டுபிடிக்க, விஞ்ஞானிகள் கடல்தரை மண்ணில் பேரிய அளவைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நஞ்சில்லை என்றால் தீங்கில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், மீன்வளத்துக்குப் பேர்போன ஜார்ஜஸ் பேங்க் மேட்டில் 1981, 1982 ஆண்டுகளில் எட்டு ஆய்வுக் கிணறுகள் தோண்டப்பட்டன. மண்ணில் பேரியம் கூடியது; பெரிய உயிரிழப்பு எதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் கனடிய ஆய்வாளர்கள் அங்கே வாழும் ஸ்காலப் சிப்பியை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி அது. பாரைட், பெண்டோனைட் நுண்துகள்கள் மிகக் குறைந்த அளவில் நீரில் மிதந்தாலே அதன் வளர்ச்சி குன்றியது. அது உடனே சாவதில்லை. செவுளில் துகள் அடைபட்டு, தின்பது குறைந்து, மெலிந்துபோகிறது. செத்த சிப்பிகளை எண்ணிக் கணக்கெடுக்கும் முறையில் இது அகப்படாது.

கடல்தரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்விக்கான பிரபலமான விடையும் எண்ணெய்த் தேடலிலிருந்தே பிறந்தது. 1980-களில் அமெரிக்க அரசின் கனிமக் குத்தகை நிறுவனம், நியூ ஜெர்சிக்கும் டெலவேருக்கும் அப்பால் துளையிடுவதற்கு முன்னும் பின்னும் கடல்தரையை ஆராயப் பணம் கொடுத்தது. ஃபிரடெரிக் கிராசல், நான்சி மசியோலெக் இருவரும் 1,500 முதல் 2,500 மீட்டர் ஆழத்திலிருந்து 233 பெட்டி மண் எடுத்தார்கள். எல்லாப் பெட்டிகளையும் சேர்த்தால் 21 சதுர மீட்டர். ஒரு சின்ன வீட்டின் இரண்டு அறை பரப்பு. அதற்குள் 90,677 உயிர்கள் இருந்தன. 798 இனங்கள். பாதிக்கும் மேல் அறிவியல் அதுவரை பெயரிடாதவை. புழுக்கள், நுண்ணிய ஓட்டுடலிகள், சிறு சிப்பிகள் என்று பெரும்பாலும் அரிசிமணியைவிடச் சிறிய உயிர்கள். பாலைவனம் என்று எண்ணப்பட்ட ஆழ்கடல் சேறு, இனவளத்தில் மழைக்காட்டோடு வைத்துப் பரவலாகப் பேசப்பட ஆரம்பித்தது 1992-ல் வந்த இந்த ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான்.

இந்த உயிர்களுக்கு உணவு மேலிருந்து வருகிறது. செத்த மிதவையுயிர்கள், கழிவுகள், சளித்திரள்கள் எல்லாம் மெல்ல இறங்கிக் கடல்தரையில் தூறலாய் விழுகின்றன. பல ஆழங்களில் அந்தத் தூறல் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் மண்ணைத்தான் சேர்க்கும். அப்படிப் பழகிய உயிர்மேல் ஒரே நாளில் சில சென்டிமீட்டர் பாறைத்தூள் விழுந்தால்? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், திடீரென்று ஆறேழு மில்லிமீட்டர் புதைந்தாலே தாங்குதிறன் குறைந்த இனங்கள் சில பாதிக்கப்படும் என்று கணித்திருக்கிறார்கள். ஓடக்கூடியது ஓடிவிடும். மண்ணில் வேரூன்றிய கடற்பேனா, கடற்பஞ்சு, வளைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி உணவு பிடிக்கும் நொறுங்கு நட்சத்திரம் ஆகியவற்றுக்கு அந்த வழியில்லை.

புதைவது மட்டும்தான் பிரச்சினையா? நார்வே ஆய்வாளர் ஹில்டே டிரன்னம் குழுவினர் 2010-ல் இதைச் சோதித்தார்கள். கடல்தரை மண்ணை உயிர்களோடு பெட்டிகளில் எடுத்துவந்து, சிலவற்றின்மேல் இயற்கையான கடல் மண்ணையும் சிலவற்றின்மேல் எண்ணெய்க்குப் பதில் நீரில் கலக்கிய ‘நீர்வழிச் சேறு’ சேர்ந்த பாறைத்தூளையும் 24 மில்லிமீட்டர் வரை பரப்பினார்கள். இயற்கை மண் பெரிதாக எதையும் செய்யவில்லை. பாறைத்தூளோ கனம் கூடக்கூட இனங்களையும் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டே போனது. சேற்றில் கலந்திருந்த கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்றபோது மண்ணிலிருந்த ஆக்சிஜனும் தீர்ந்துபோனது. ‘நீர்வழிச் சேறுதானே, தண்ணீர் மாதிரி’ என்று அதுவரை சொல்லிவந்த வாதத்துக்கு இது ஓர் அடி.

ஆனாலும் நீர்வழிச் சேறு வந்ததே பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. வடகடலில் அதற்கு முந்தைய காலம் மோசமானது. டீசலும் பிற எண்ணெய்களும் கலந்த சேற்றைப் பயன்படுத்தி, எண்ணெய் ஊறிய தூளை அப்படியே தளத்துக்கு அடியில் கொட்டினார்கள். 500 மீட்டருக்கு அப்பால் பாதிப்பில்லை என்று நிறுவனங்கள் சொல்லிவந்தன. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஃபிரோடே ஓல்ஸ்கார்டும் ஜான் கிரேயும் நார்வேயின் வயல்களிலிருந்து வந்த கண்காணிப்புத் தரவுகளை மொத்தமாக எடுத்துப் புதிய புள்ளியியல் முறைகளால் அலசினார்கள். 1995-ல் வெளியான முடிவு: பாதிப்பு சில கிலோமீட்டர் தூரம்வரை போயிருந்தது, ஆறு முதல் ஒன்பது ஆண்டுகளில் சில வயல்களைச் சுற்றி மாசு நூறு சதுர கிலோமீட்டர்வரை பரவியிருந்தது. நொறுங்கு நட்சத்திரம் ஆம்பியூரா மறைந்த இடத்தில், அழுக்கை விரும்பும் கேப்பிடெல்லா புழு பெருகியிருந்தது.

அந்த முடிவு அச்சாகும் முன்பே விதிகள் மாறத் தொடங்கியிருந்தன. நார்வே 1993-ல் எண்ணெய்த் தூள் கொட்டுவதை நிறுத்தியது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு 2000-ல் எடுத்த முடிவால் மற்ற நாடுகளும் தொடர்ந்தன. நார்வே தன் கடலைப் பகுதிகளாகப் பிரித்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் தரையையும் அளக்கிறது. பாதிப்பு வட்டம் வெகுவாகச் சுருங்கியது. பழைய தூள்மேடுகள் மட்டும் பல தளங்களின் அடியில் இன்னும் கிடக்கின்றன. கிளறினால் உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வரும். விட்டால் அங்கேயே கிடக்கும்.

ஒரே ஒரு கிணற்றின் கதையை நெருங்கிப் பார்க்க, நார்வேக் கடலின் மோர்வின் வயல் உதவும். ஆழம் 380 மீட்டர். செர்பென்ட் திட்டத்தின் ஆண்ட்ரூ கேட்ஸும் டேனியல் ஜோன்ஸும் துளையிடுவதற்கு முன்பே தரையைப் படம்பிடித்து வைத்தார்கள். துளையிடத் தொடங்கி 27 நாளில், 76 நாளில், மூன்று ஆண்டில் மறுபடி படம்பிடித்தார்கள். தொடக்கத்தில் கிணற்றைச் சுற்றி நூறு மீட்டருக்கு மேல் தூள் மூடியிருந்தது: 14,140 சதுர மீட்டர். மூன்று ஆண்டில் அது 5,160 சதுர மீட்டராகக் குறைந்தது. நீரோட்டம் அரித்திருக்கலாம், உயிர்கள் கிளறிக் கலந்திருக்கலாம். ஓரங்களில் உயிர்கள் திரும்பிவந்தன. நடுவில், தூள் கனமாக விழுந்த இடத்தில், மூன்று ஆண்டு போதவில்லை.

மோர்வினுக்கு அருகே குளிர்நீர்ப் பவளங்களும் உண்டு. வெயிலே படாத ஆழத்தில் வளரும் லோஃபீலியா என்ற வெள்ளைப் பவளம். நார்வேயில் 2002-ல் கண்டுபிடித்த ரோஸ்ட் பவளத்திட்டு 35 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இந்தப் பவளத்தின்மேல் தூள் கொஞ்சமாக விழுந்தால் சளி சுரந்து தள்ளிவிடும். முழுக்கப் புதைந்த பவளமொட்டு சாகும். அதன் இளம்புழுப் பருவமோ இன்னும் நொய்மையானது. இதெல்லாம் தெரிந்திருந்ததால் மோர்வினில் பிற்பாடு தோண்டிய கிணறுகளின் தூளைக் குழாய் வழியே பவளத்தைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தொடர்ந்து பார்த்தவர்களுக்குப் பவளத்தில் கண்ணுக்குத் தெரிந்த சேதம் அதிகமில்லை. எங்கே பவளம் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்திருந்ததுதான் இதைச் சாத்தியமாக்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒழுங்காக நடந்த கிணறுகள். ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணறு இருக்கிறது. 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் இறந்ததும், 87 நாள் எண்ணெய் கொட்டியதும் உலகறிந்தவை. அது ஓர் ஆய்வுக் கிணறு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அன்று பத்திரிகைகளில் வந்ததெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாப் படங்கள். 1,500 மீட்டர் ஆழத்தில் நடந்ததைப் பார்க்க அந்த நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிணற்றுக்குத் தென்மேற்கே 11 கிலோமீட்டரில், 1,370 மீட்டர் ஆழத்தில், ஆர்.ஓ.வி. ஒரு பவளத் தோட்டத்தைக் கண்டது. விசிறிபோல் கிளைத்த பாராமுரிசியா பவளங்கள். அவற்றின்மேல் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோன்ற ஒரு படலம் போர்த்தியிருந்தது. அதற்கடியில் திசு உரிந்து எலும்புக்கூடு வெளியே தெரிந்தது. ஹெலன் ஒயிட், சார்லஸ் ஃபிஷர் குழுவினர் 43 பவளங்களை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பாதியில், உடலின் பாதிக்கு மேல் சேதம். படலத்தில் இருந்த எண்ணெய் மக்கோண்டோவுடையது என்று வேதிச் சோதனை உறுதிசெய்தது. இந்த இனத்தில் சில தனிப்பவளங்களின் வயது நூற்றாண்டுக் கணக்கில் போகும்.

அந்தப் பவளக் கிளைகளைச் சுற்றிக்கொண்டு வாழும் ஒரு நொறுங்கு நட்சத்திரம் உண்டு. பின்னாளில் ஆண்டுதோறும் ஒரே கிளையைப் படமெடுத்து ஒப்பிட்டபோது, நட்சத்திரம் பற்றியிருந்த இடத்துக்கு அருகில் பவளம் மற்ற இடங்களைவிட நன்றாகத் தேறியது தெரிந்தது. தன் கைகள் எட்டிய தூரம்வரை அது படிவைத் துடைத்துவிட்டிருக்கிறது. எட்டாத கிளைகளில் ஹைட்ராய்டு என்ற சிற்றுயிர்கள் குடியேறின. பல கிளைகள் பின்னர் ஒடிந்தே விழுந்தன.

2017-ல் கிரெய்க் மெக்ளைனும் கிளிஃப்டன் நனலியும் கிணற்றுத் தலைக்கே ஆர்.ஓ.வி. அனுப்பினார்கள். அந்த ஆழத்தில் வழக்கமாகக் காணும் கடல் அட்டைகளோ ராட்சத ஐசோபாடுகளோ கடற்பஞ்சுகளோ கண்ணில் படவில்லை. நண்டுகள் மட்டும் கூடியிருந்தன. ஓடு கறுத்து, கால் இழந்து, புண்ணோடு மந்தமாக நகர்ந்தன. சிதையும் எண்ணெயின் வேதிப்பொருள்கள் இனப்பெருக்க ஹார்மோன் போலத் தோன்றி அவற்றை ஈர்த்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஏழு ஆண்டுக்குப் பிறகான நிலை இது.

மீன்பிடிப் படகுகளின் இழுவைமடி இதைவிடப் பன்மடங்கு பரப்பை ஆண்டுதோறும் உழுகிறதே என்று எண்ணெய்த் துறையினர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே, பரப்பளவில் கிணறுகளின் பங்கு மிகச் சிறியது. ஆனால் இழுவைமடி பெரும்பாலும் போகாத ஆழங்களுக்குத்தான் இப்போது ரிக்குகள் போகின்றன. ஒரு தீமை பெரிது என்பதால் இன்னொன்றைப் பார்க்காமல் விட முடியாது.

மன்னார்ப் படுகை அப்படியொரு ஆழம். இலங்கைப் பக்கத்தில் 2011-ல் கெய்ர்ன் நிறுவனம் மூன்று ஆய்வுக் கிணறுகள் தோண்டியது. டொராடோ 1,354 மீட்டர் ஆழத்தில், பாரக்குடா ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில். மக்கோண்டோ பவளங்கள் இருந்த அதே ஆழ மட்டம். இரண்டிலும் வாயு கிடைத்தது, மூன்றாவது வறண்டது. 2015-ல் நிறுவனம் வெளியேறிவிட்டது. இந்தியப் பக்கத்தில், 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த ஏலச் சுற்றில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஏறத்தாழ 9,990 சதுர கிலோமீட்டர் ஆழ்கடல் தொகுதி இடம்பெற்றது. அதை நீக்கக் கோரி அடுத்த மாதமே தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கன்னியாகுமரிக்கு அப்பாலுள்ள தொகுதிகளை மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள்.

இந்தியாவில் விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. 2005 அறிவிக்கை பாறைத்தூளில் எண்ணெய் எவ்வளவு இருக்கலாம், பாரைட்டில் பாதரசமும் காட்மியமும் எவ்வளவு இருக்கலாம், கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளிக் கொட்டலாம் என்றெல்லாம் வரம்பு வைத்திருக்கிறது. இவை பெரும்பாலும் கொட்டும் பொருளை அளப்பவை. கொட்டும் இடத்தில் என்ன வாழ்கிறது என்று முன்பே பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் நியூ ஜெர்சியும் மோர்வினும் மக்கோண்டோவும் சொல்வது. ஆர்.ஓ.வி. எப்படியும் ரிக்கோடுதான் வருகிறது. துளைக்கு முன் ஒருமுறையும் பின் சிலமுறையும் அதே தடத்தில் ஓட்டி, எடுத்த படத்தைப் பொதுவில் வைக்கச் சொல்வது பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கையல்ல.

நடந்ததோ எதிர்த்திசையில். 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் செய்த திருத்தம், நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களை ‘அ’ பிரிவிலிருந்து ‘ஆ-2’ பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவில் வரும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. மக்கள் கருத்துக்கேட்பும் தேவையில்லை.